முகம் அறிந்தவரும் முகம் பதித்த அட்டையும்

2023 டிசம்பர் 17-ஆம் தேதி தென்மாவட்டங்களில் பிடித்த மழை, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டது. அந்த ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழிகளால் உலகறிந்த ஊர். அந்த வட்டாரத்து ஆற்றங்கரை ஊர்களில் தண்ணீர் வடிந்தபோது போனது நெல்லும் ஆடுமாடும் மட்டுமல்ல. வெள்ளம் நுழையும் வீட்டில் முதலில் நனைவது தரையை ஒட்டிய டிரங்குப் பெட்டிதான். குடும்பத்தின் காகிதமெல்லாம் கிடப்பது பெரும்பாலும் அதற்குள். பத்திரம், பள்ளிச் சான்றிதழ், பாஸ்புக், ஆதார், ஓட்டர் ஐடி. தொலைந்தவற்றுக்கு மாற்றுப்படி கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது.

நான்கு மாதம் கழித்து, 2024 ஏப்ரல் 19 அன்று, தமிழ்நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல். வாக்குச்சாவடிக்குப் போகிறவர் கையில் தன் முகம் பதித்த ஓர் அட்டை இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தாலும் அட்டை இல்லையென்றால் ஓட்டு இல்லை. பூத் சிலிப்பைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம் என்ற பழைய வழியும் 2019-இலேயே அடைபட்டுவிட்டது. சிலிப் தகவலுக்குத்தான், அடையாளத்துக்கு ஆகாது என்று தேர்தல் ஆணையம் அறிவித்துவிட்டது.

வெள்ளம் பெட்டியைக் கொண்டுபோன ஊரில் இந்த விதி ஒரு பெருங்கதவைச் சாத்தியிருக்க வேண்டும். அப்படி ஆகாமல் காத்தது விதிக்குள் இருந்த ஒரு தாராளம். வாக்காளர் அடையாள அட்டை இல்லாதவர் காட்டக்கூடிய மாற்று ஆவணங்களாக ஆணையம் 2024-இல் பன்னிரண்டை ஏற்றது: ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் ஸ்மார்ட் கார்டு, பாஸ்போர்ட், புகைப்படமுள்ள ஓய்வூதிய ஆவணம், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியரின் பணி அட்டை, எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை. பன்னிரண்டில் ஒன்றுகூட மிஞ்சாத வீடு வெள்ளக்காட்டிலும் அரிது.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் எந்த அட்டை யாருக்காக உள்ளே வந்தது என்பது புரியும். நூறு நாள் வேலை அட்டை கிராமத்து உழைப்பாளிக்கு. பாஸ்புக்கும் ஆதாரும் எல்லாருக்கும். எம்.எல்.ஏ. அட்டை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. தன் சொந்தத் தொகுதியில் தன்னை நிரூபிக்க அட்டை தேவைப்படும் எம்.எல்.ஏ.வின் நிலைமையைத் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

விடுபட்டவையும் கவனிக்கத்தக்கவை. தமிழ்நாட்டு வீடுகளில் மிகப் பத்திரமாக வைக்கப்படும் அட்டை ரேஷன் கார்டு. 2017 முதல் அதுவும் ஸ்மார்ட் கார்டாகிவிட்டது. ஆனால் அதில் அச்சாகியிருப்பது குடும்பத் தலைவர் ஒருவரின் முகம் மட்டும். மற்றவர்கள் வெறும் பெயர்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற கணக்குக்குள் குடும்பத்துக்கு ஒன்றான அட்டை நுழைய முடியவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையும் பட்டியலில் இல்லை. அங்கே சொல்லப்படும் காப்பீட்டு அட்டை ஒன்றிய அரசுத் திட்டத்தினுடையது. எளிதில் ஏமாறக்கூடிய இடம் இது.

பட்டியலில் உள்மாவட்ட வாசகருக்கு விளங்காத பெயர் ஒன்று உண்டு: மக்கள்தொகைப் பதிவேட்டின் ஸ்மார்ட் கார்டு. மதுரையிலோ சேலத்திலோ அதைப் பார்த்தவர் குறைவு. ஆனால் தூத்துக்குடிக் கடற்கரைக்கு அது புதிதல்ல. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி வந்து கரையேறினார்கள். அன்றிலிருந்து இந்தியக் கடற்கரை முழுவதும் ‘நீ யார்’ என்ற கேள்வி கூர்மையானது. ஒன்பது மாநிலங்கள், நான்கு ஒன்றியப் பகுதிகள், மொத்தம் 3,331 கடலோரக் கிராமங்களில் வயதுவந்தோரின் விரல்ரேகையும் படமும் எடுத்துக் குடியிருப்போர் அட்டை வழங்கும் வேலை முதலில் தொடங்கியது. கடலுக்குப் போகும் மீனவருக்குத் தனியாக பயோமெட்ரிக் அட்டையும் வந்தது. நடுக்கடலில் கடலோரக் காவல் படை கேட்டால் எடுத்து நீட்ட வேண்டிய அந்த மீனவர் அட்டைக்கு வாக்குச்சாவடிப் பட்டியலில் இடமில்லை. கரையில் வசிப்பவருக்குத் தரப்பட்ட அட்டைக்கு இடமுண்டு. ஒரே ஆளின் மடியில் இரண்டு அட்டைகள், இரண்டும் அரசாங்கம் கொடுத்தவை, ஒன்று கடலுக்கு, ஒன்று ஓட்டுக்கு.

இந்தக் கரையில் அரசு ஒரு காலத்தில் ஆளை எண்ணியதைவிடச் சிப்பியைத்தான் கவனமாக எண்ணியது. முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியை மூன்று கூறாகப் போட்டு, இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவருக்கு என்பது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். குளித்தவர்களின் முகத்தை அன்று யாரும் படம் எடுத்து ஆவணமாக்கவில்லை. அதே ஆண்டில்தான் தேர்தல் நடத்தை விதிகள் வெளியாயின. ஓட்டுப் போட வருபவரை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு அந்த விதிகள் சொன்ன வழி மனிதர்கள். வாக்காளரை அடையாளம் காட்ட உதவத் தகுந்த ஆட்களை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அமர்த்திக்கொள்ளலாம். அந்த விதி இன்றும் நீக்கப்படவில்லை. 49எச் என்ற எண்ணில் புத்தகத்தில் இருக்கிறது.

கிராமத்தில் அந்த ஆள் யார்? கிராம முன்சீப், கணக்கப்பிள்ளை, தலையாரி. ஊரில் எவர் எவர் மகன், எவர் வீட்டு மருமகள் எந்த ஊரிலிருந்து வந்தவள், யார் கொழும்புக்குப் போனார், யார் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் அவர்கள் நாக்கு நுனியில். அட்டையைவிட நம்பகமான ஏற்பாடு இது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பதவிகள் பரம்பரையாக எந்தச் சாதிகளின் கையில் இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். சேரியிலிருந்து வரும் ஒருவர் தன்னைத் தானென்று நிறுவ, தன் நிலத்துக்கும் கூலிக்கும் அதிகாரியான ஒருவரின் வாய்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்து, தேர்வெழுதி வருகிற, இடமாற்றம் ஆகிற கிராம நிர்வாக அலுவலரை அமர்த்தியது. ஊரின் முகங்களை அறிந்தவர் போய், ஊருக்கே புதியவர் வந்தார். முகத்துக்குப் பதில் அட்டை தேவைப்படும் நிலை அன்றே தமிழ்நாட்டுக் கிராமங்களில் உருவாகிவிட்டது என்று சொல்லலாம்.

அட்டை என்ற யோசனை மட்டும் அதைவிடப் பழையது. 1960-இல் கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலை ஒட்டி, வாக்காளர் எல்லாரையும் படம் எடுத்து அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாக்காளரில் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேரைத்தான் படம்பிடிக்க முடிந்தது. ஆண் படக்காரர் முன் உட்காரப் பெண்கள் பலர் மறுத்துவிட்டார்கள். வீடு மாறிப் போனவர்களைப் பிடிக்க முடியவில்லை. செலவைக் கூட்டிப் பார்த்து, திட்டத்தை மூட்டை கட்டி வைத்தார்கள். 1979-இல் சிக்கிமில் சிறிய அளவில் அது மீண்டும் உயிர்பெற்றது.

நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுவந்தவர் தமிழ்நாடு அணியின் ஐ.ஏ.எஸ். அதிகாரி டி.என். சேஷன். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த அவர் 1993 ஆகஸ்டில் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவிட்டார். 1995 ஜனவரி 1-க்குப் பிறகு அட்டை இல்லாத இடத்தில் தேர்தலே கிடையாது என்றும் அதட்டினார். மாநில அரசுகள் பணமில்லை என்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அட்டை இல்லை என்பதற்காகத் தேர்தலை நிறுத்த முடியாமல் போயிற்று. அதட்டலுக்கும் நடைமுறைக்கும் இடையில் ஏழெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2000-இல் ஹரியானா சட்டமன்றத் தேர்தலில்தான் அடையாளம் காட்டுவது கட்டாயமாகியது. 2009 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான மாநிலங்களின் வாக்காளர் பட்டியலிலேயே படம் அச்சாகிவிட்டது. இந்தத் தாமதம் நல்லதுக்கே என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு. முதலில் அட்டையை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள், பிறகுதான் கேட்டார்கள். கேட்டபோதும் அதற்கு மாற்றாகப் பலவற்றை ஏற்றார்கள். தொண்ணூறுகளின் அட்டையில் பள்ளிக்கூடத் திண்ணையில் அவசரமாக எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் யார் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

படத்தின் லட்சணத்தை ஆணையமும் அறியாமல் இல்லை. அட்டையில் எழுத்துப்பிழை இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், வேறு தொகுதியில் கொடுத்த அட்டையானாலும் இந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால் ஏற்கலாம், படமே பொருந்தவில்லை என்றால் மாற்று ஆவணம் கேளுங்கள் என்றெல்லாம் ஒவ்வொரு தேர்தலுக்கும் அறிவுறுத்துகிறது. விதிவிலக்கு ஒரே ஒரு கூட்டத்துக்கு. வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்துகொண்டவர் அசல் பாஸ்போர்ட் ஒன்றைத்தான் காட்ட வேண்டும், அதுவும் நேரில் வந்து. காயல்பட்டினத்திலிருந்து வளைகுடாவுக்கும் ஹாங்காங்குக்கும் பரவியிருக்கும் வணிகக் குடும்பங்களுக்கு இதன் விலை ஒரு விமானச் சீட்டு.

சாவடிக்குள் அட்டையின் ஆட்சி முழுமையானது என்று எண்ணிவிடக் கூடாது. முதல் அலுவலர் அடையாளத்தைச் சரிபார்த்துப் பெயரை உரக்கப் படிக்கிறார். படிப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜெண்டுகளுக்காக. அவர்கள் கையிலும் பட்டியல். அந்த ஊர்க்காரர்கள், இறந்தவர் பெயரில் ஒருவர் வந்தால் தெரிந்துவிடும். ஏஜெண்ட் ஆட்சேபித்தால் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். விசாரித்து ஆட்சேபம் நிலைத்தால் பணம் திரும்பும். அறுபது ஆண்டாகியும் அந்த இரண்டு ரூபாய் ஏறவில்லை. இரண்டாம் அலுவலர் விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார். வாக்காளர் அட்டை தவிர வேறு ஆவணம் காட்டியிருந்தால் அதன் கடைசி நான்கு எண்கள் அங்கே பதிவாகும். தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போனதை அறிந்தவர், தான்தான் அவர் என்று காட்டிவிட்டு, காகிதச் சீட்டில் ஆய்வுக்குரிய வாக்கு அளிக்கலாம். 2018-இல் ‘சர்கார்’ படம் வந்த பிறகு ‘49பி’ என்ற இந்த விதியின் எண் டீக்கடைவரை தெரிந்துபோனது.

ஆக, ஒருவரையொருவர் அறிந்த கிராமத்தில் கள்ள ஓட்டைத் தடுப்பது முதலில் ஏஜெண்டின் கண். அட்டை அதற்குத் துணை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத நகரத்து அடுக்ககத்தில் நிலைமை தலைகீழ். கண்ணுக்கு வேலையில்லை, அட்டைதான் எல்லாம். ஒரே விதியை இரண்டு இடத்துக்கும் போடுகிறோம்.

கடல் கடந்து பார்த்தால் அட்டையின் இன்னொரு முகம் தெரியும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 2005-இல் புகைப்பட அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே நாட்டுக்குப் பொதுவான அட்டை கிடையாது. பெரும்பாலோர் காட்டுவது மாநிலம் கொடுக்கும் ஓட்டுநர் உரிமத்தை. கார் ஓட்டாதவர் அதே மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போய் வேறோர் அட்டை வாங்க வேண்டும்; அதற்குப் பிறப்புச் சான்று வேண்டும். 2008 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றது. ஆள்மாறாட்டம் செய்து ஓட்டுப் போட்டதாக அந்த மாநில வரலாற்றில் ஒரு சான்றும் வழக்கில் வைக்கப்படவில்லை என்பதை முதன்மைத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. தீர்ப்பு வந்து சில நாளில், மே மாத முதல்நிலைத் தேர்தலில், சவுத் பெண்ட் நகரக் கன்னியர் மடத்தைச் சேர்ந்த சுமார் ஒரு டஜன் முதிய கன்னியாஸ்திரிகள் அட்டையில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திருப்பி அனுப்பிய சாவடிப் பணியாளரும் அதே மடத்துக் கன்னியாஸ்திரி. நாள்தோறும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்! முகம் அறிந்தும் அட்டை கேட்க வேண்டியிருந்தது. டெக்சாஸ் 2011-இல் இயற்றிய சட்டம் கைத்துப்பாக்கி உரிமத்தை ஏற்றது, கல்லூரி மாணவர் அட்டையை மறுத்தது. பட்டியல் போடுகிறவர் யாரை மனத்தில் வைத்துப் போடுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இங்கிலாந்தில் 2023 மே உள்ளாட்சித் தேர்தலில் முதல்முறையாக இது நடைமுறைக்கு வந்தபோது, அட்டை இல்லாமல் திரும்பிப்போய் வராமலே போனவர்கள் ஏறத்தாழ 14,000 பேர் என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. முதியோரின் பேருந்துப் பாஸ் செல்லும், இளையோரின் பாஸ் செல்லாது என்ற விதி அங்கே கேலிக்கு உள்ளானது.

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையின் கதை இவற்றைவிட நமக்கு நெருக்கமானது. இலங்கையில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. ஓட்டுப் போட அதையோ பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற சிலவற்றையோ காட்ட வேண்டும். அட்டை வாங்கப் பிறப்புச் சான்று அடிப்படை. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரிடம் பல தலைமுறைகளாக இல்லாதது அதுதான். 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தங்கியவர்களில் எஞ்சியோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. குடியுரிமை வந்த பிறகும், தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்து பதிவாகாத ஒருவருக்கு அட்டை தானாக வராது. தேர்தல் நெருங்கும்போது தோட்டங்களுக்கு நடமாடும் பதிவு முகாம்கள் போக வேண்டியிருந்தது அதனால்தான்.

இந்த நாடுகளோடு ஒப்பிட்டால் இந்திய ஏற்பாட்டின் பலம் அட்டையில் இல்லை, அட்டையைத் தேடி அலையும் வேலை யாருடையது என்பதில் இருக்கிறது. ஊர் தேடி வந்து படம் எடுத்து, அஞ்சலில் அனுப்பி, தொலைந்தால் எட்டாம் படிவத்தில் வேறு கொடுத்து, அதுவும் இல்லையென்றால் பாஸ்புக்கை நீட்டு என்று சொன்னது அரசு. இடையில் குளறுபடி இல்லாமல் இல்லை. இரு மாநிலங்களில் இருவருக்கு ஒரே அட்டை எண் இருப்பது 2025-இல் வெளியானபோது ஆணையம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆதாரை வாக்காளர் பட்டியலோடு இணைக்க 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. விருப்பத்தின் பேரில் என்று சொல்லப்பட்ட 6பி படிவத்தில் விருப்பமில்லை என்று சொல்ல இடம் வைக்க மறந்துவிட்டார்கள்.

ஆனால் தேடும் வேலை அண்மையில் கைமாறத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூனில் பீகாரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் பட்டியலில் இருப்பதற்கே ஆவணம் கேட்டது. ஏற்கத்தக்கவை என்று சொன்ன பதினொன்றில் வாக்காளர் அடையாள அட்டை இல்லை. பட்டியலைப் பார்த்துத்தான் அட்டை கொடுத்தோம், அந்த அட்டையே பட்டியலுக்குச் சான்றாக முடியாது என்பது ஆணையத்தின் வாதம். தர்க்கம் பிசகில்லாதது. முப்பது ஆண்டு அந்த அட்டையைப் பத்திரப்படுத்திய குடும்பத்துக்குத்தான் அது விளங்கவில்லை. ஆதாரைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்கும்படி உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட வேண்டியிருந்தது.

நவம்பரில் அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வந்த கணக்கெடுப்புப் படிவத்தில் அட்டை எண்ணும் படமும் அச்சாகியிருந்தன. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் 6.41 கோடி பெயர்கள் 5.43 கோடியாகச் சுருங்கின. நீங்கிய சுமார் 97 லட்சத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம், இரட்டைப் பதிவுகள் 3 லட்சத்துக்கு மேல். மிச்சமுள்ள ஏறக்குறைய 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் இல்லாதவர்கள். இறந்தவர் பெயரை நீக்குவதில் யாருக்கும் சண்டை இல்லை. பட்டியல் பல ஆண்டு கழுவப்படாமல் கிடந்தது உண்மை. சண்டை எல்லாம் அந்த 66 லட்சத்தைப் பற்றியது, குறிப்பாகப் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்களைப் பற்றியது.

ஆவணம் காட்டாமல் தப்பிக்க ஒரே வழி, முந்தைய தீவிரத் திருத்தமான 2002 அல்லது 2005 பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ கண்டுபிடிப்பது. தூத்துக்குடி மாவட்டத்தில் இது ஒரு தனி வேலை. அந்தப் பழைய பட்டியல்கள் 2008 தொகுதி மறுவரையறைக்கு முந்தியவை. ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் அன்று திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. இன்று அந்தப் பெயரில் மக்களவைத் தொகுதியே இல்லை. சாத்தான்குளம் சட்டமன்றத் தொகுதியும் மறைந்துவிட்டது. அங்கே ஓட்டுப் போட்டவர் இல்லாத தொகுதியின் பெயரில், மாறிப்போன பாகம் எண்ணில் தேட வேண்டும். கட்டிக்கொடுத்த பெண் என்றால் அன்றைய பட்டியலில் அவள் இருப்பது அப்பன் வீட்டு ஊரில். அன்று பதினெட்டு ஆகாதவள் என்றால் அம்மா அப்பா பெயரை அந்த ஊர்ப் பட்டியலில் பிடித்து, அந்தப் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் படிவத்தில் எழுத வேண்டும். அங்கன்வாடி ஊழியராகவோ ஆசிரியராகவோ வேறு வேலை பார்த்துக்கொண்டு வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருப்பவர்கள், கைப்பேசித் திரையில் அந்தப் பழைய பக்கங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பெயர் தேடினார்கள்.